பனிப்புயலுக்கு முன் தெருவே ஜோசியம் பார்க்கும்போது

எங்கள் தெருவில் பனிப்புயல் பேச்சு தொடங்குவது பெரும்பாலும் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற நேரத்தில்தான். பக்கத்து வீட்டு அண்ணன் போனை நீட்டுவார், அதில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒரு வரைபடம் இருக்கும். "பாருங்க, 60 சென்டிமீட்டர்" என்பார். எதிர்வீட்டுப் பெரியவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க தம்பி, என்ன ஆச்சு? ஒண்ணும் வரல" என்று தொட்டியை உருட்டிக்கொண்டு போய்விடுவார். இந்த இருவர் பேச்சையும் பல குளிர்காலங்களாகக் கேட்டுக் கேட்டு, வானிலை அறிவிப்பில் எதைப் பார்க்கவேண்டும், எதை எந்த நாளில் முடிவு செய்யவேண்டும் என்பது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. சமீபத்தில் வந்த ஒரு புயலை வைத்தே அதைச் சொல்கிறேன். பனி விழும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உதவலாம்.

அந்தப் புயல் ஒரு வாரத் தொலைவில் இருக்கும்போதே எண்கள் வர ஆரம்பித்துவிட்டன. அண்ணன் காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று. ஒரு நாள் 60, மறுநாள் 10, அதற்கடுத்து 35. "இவங்களுக்கே தெரியல" என்று பெரியவர் சிரிப்பார். எண் மாறிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் எளிது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல், அதாவது வானிலையைக் கணக்கிட்டு முன்கூட்டிச் சொல்கிற கணினி நிரல், ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வரைபடம் வருகிறது, அது உடனே போனுக்குப் போன் பாய்கிறது. ஒரு வாரம் முன்னால் அந்த ஒற்றை வரைபடத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது என்பது அதை உருவாக்குகிறவர்களுக்குத் தெரியும், அதனால்தான் 1992-லிருந்தே அமெரிக்காவிலும் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்திலும் ஒரே கணக்கை ஆரம்ப நிலையில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய மையம் இப்படி 51 கணக்குகளை ஓட்டுகிறது. அந்த 51-ல் 45 புயலை நம் மேலே கொண்டுவந்தால் அது ஒரு நிலைமை, 20 கொண்டுவந்து மீதி கடலுக்குத் தள்ளினால் அது முற்றிலும் வேறு நிலைமை. தெருவில் சுற்றுகிற ஊதா வரைபடம் அந்தக் கூட்டத்தில் மிகப் பயங்கரமான ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரணமான படத்தை யாரும் அடுத்தவருக்கு அனுப்புவதில்லையே.

இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் முன்னால் புயல் என்று ஒன்று இருக்கவே இருக்காது. வட அமெரிக்கக் கிழக்குக் கரையை அடிக்கிற பனிப்புயலுக்கான மேல்வளி அலை, அதாவது உயரத்தில் ஓடும் காற்றில் விழுகிற வளைவு, அப்போது பசிபிக் கடலுக்கு மேலே எங்கேயோ இருக்கும். அங்கே செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன, ஆனால் தினமும் இரண்டு வேளை பலூன் விட்டு வெப்பமும் ஈரமும் காற்றும் அளக்கிற நிலையங்கள் நிலத்தில் இருக்கிற அளவுக்குக் கடலில் கிடையாது. அந்த அலை கரையேறி வந்து, தெற்கிலிருந்து வருகிற ஈரத்தோடு சேர்ந்து, பிறகுதான் புயலாகச் சுழலும். அதனால் மூன்று நாளுக்கு முன்பு வரை அண்ணன் எந்த எண்ணைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். அந்தக் கட்டத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வரும் என்கிற பேச்சு நாளுக்கு நாள் வலுக்கிறதா, தேய்கிறதா.

பெரியவருக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரத்துக்கு 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை பனி என்று அறிவித்தார்கள். சாலைகளை மூடினார்கள், பனிக்காகச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். கடைசியில் சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 25 சென்டிமீட்டர்தான். நியூஜெர்சியின் மவுண்ட் ஹாலி வானிலை அலுவலகத் தலைவர் ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டார். பெரியவர் இந்தக் கதையை இதுவரைக்கும்தான் சொல்வார். மீதி என்னவென்றால், அதே புயலில் லாங் ஐலண்டின் இஸ்லிப்பில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, மாசசூசெட்ஸின் வூஸ்டரில் 85-ஐத் தாண்டியது. புயல் சொன்னபடியே வந்தது, சொன்ன பலத்தோடு வந்தது, கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனது, அவ்வளவுதான். ஒரு கண்டத்தின் அளவில் பார்த்தால் அது தலைமயிர் அகலப் பிசகு. ஆனால் அந்த ஓரத்தில் பல லட்சம் பேர் குடியிருந்தால் அது தலைப்புச் செய்தி.

அதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது, அதைப் பெரியவர் சொல்லமாட்டார். 2000 ஜனவரி 24 அன்று கிழக்குக் கரைப் புயல் கடலோடு போய்விடும் என்றுதான் மாடல்கள் பெரும்பாலும் காட்டின. மறுநாள் வட கரோலினாவின் ராலேயில் 50 சென்டிமீட்டர். எப்போதாவதுதான் பனி பார்க்கிற ஊர் அது, நினைத்துப் பாருங்கள். 1993 மார்ச் மாதப் பெரும்புயலையோ ஐந்து நாள் முன்பே சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, "எப்போதும் தப்பு" என்பதும் இல்லை, "போனில் வந்துவிட்டது, அப்படியே நடக்கும்" என்பதும் இல்லை. நாம் இருக்கும் இடம் புயலின் நடுவயிற்றிலா, ஓரத்திலா என்று கேட்டால் போதும். நடுவில் இருந்தால் பிசகு வந்தாலும் பனி நிச்சயம். ஓரத்தில் இருந்தால் கடைசி நாள் வரை சூதாட்டம்தான்.

நாங்கள் ஓரத்தில் இருக்கிறவர்கள். மழை பனியாக மாறுகிற எல்லைக்கோடு எங்கள் தலைக்கு மேலேதான் அலையும். புயலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அறிவிப்பு 15 முதல் 35 சென்டிமீட்டர் என்று வந்தது. அண்ணனுக்குக் கோபம். "15-க்கும் 35-க்கும் எவ்வளவு வித்தியாசம், இதைச் சொல்ல ஒரு ஆபீஸா?" என்றார். ஆனால் அந்த இடைவெளிக்குள் பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது.

மாடல் கணக்கிடுவது அடிப்படையில் தண்ணீரை. இத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் மேலிருந்து விழும் என்கிறது. அது எத்தனை சென்டிமீட்டர் பனியாகும் என்பது குளிரைப் பொறுத்தது. பத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு, அதாவது 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் 25 சென்டிமீட்டர் பனி. ஆனால் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அதே தண்ணீர் 12, 15 சென்டிமீட்டர் கனமான கூழாக விழும். நல்ல உலர் குளிரில் 40, 50 சென்டிமீட்டர் பஞ்சாக விழும். போனில் சுற்றுகிற பல வரைபடங்கள் கண்ணை மூடிக்கொண்டு பத்தால் பெருக்கியவை. அதிலும் சில, ஸ்லீட் எனப்படும் பனிக்கட்டித் துகள்களையும் சேர்த்துப் பனி என்றே கூட்டிவிடும். தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய வெப்பப் படலம், இரண்டு டிகிரி போதும், புகுந்துவிட்டால் மேலே பனியாக இருந்தது பாதி வழியில் உருகி, கீழே வரும்போது மறுபடி உறைந்து மணல்போலக் கொட்டும். தரை மட்டும் குளிர்ந்திருந்தால் உறைமழையாக விழுந்து மரக்கிளை, மின்கம்பி எல்லாவற்றிலும் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். எண்ணில் சின்னது, ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது அதுதான். அரை சென்டிமீட்டர் உறைமழைக்கு நான் 30 சென்டிமீட்டர் பனியைவிட அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் பனியை வாரிப் போடலாம், பனிக்கட்டிச் சாலையில் ஒன்றும் செய்யமுடியாது.

சரி, வாருகிறவர்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. அது 12 சென்டிமீட்டர் கூழாக விழுந்தாலும் 50 சென்டிமீட்டர் பஞ்சாக விழுந்தாலும் எடை அதே 25 கிலோ. கார் நிறுத்தும் இடமும் நடைபாதையும் சேர்த்து 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் தூக்கி எறியப்போவது 1,250 கிலோ. இதைச் சொன்னபோது பெரியவர் முதல்முறையாக நின்று கேட்டார். "குறைவாகத்தான் விழும், வாரிடலாம்" என்று எல்லாரும் சொல்கிற புயல்தான் பல நேரம் முதுகை ஒடிக்கிறது. அதனால் இப்போதெல்லாம் அறிவிப்பில் உயரத்தோடு சேர்த்து விழப்போகும் தண்ணீரின் அளவும், அந்த நேரத்து வெப்பமும் இருக்கிறதா என்று தேடுவேன்.

அமெரிக்க தேசிய வானிலை சேவை இப்போது ஒரு நல்ல வேலை செய்கிறது. எதிர்பார்க்கும் அளவோடு, குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு வரைபடங்களும் போடுகிறார்கள். அதிகபட்சத்தைத் தாண்ட பத்தில் ஒரு வாய்ப்பு, குறைந்தபட்சத்தைத் தாண்ட பத்தில் ஒன்பது வாய்ப்பு. தெருவில் அண்ணன் பிடித்துக்கொள்வது மேல் எண்ணை, பெரியவர் பிடித்துக்கொள்வது கீழ் எண்ணை. இரண்டும் ஒரே அறிவிப்பில் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அதேபோல அவர்கள் விடுகிற எச்சரிக்கைகளில் 'வாட்ச்' என்றால் வரலாம், 'வார்னிங்' என்றால் கிட்டத்தட்ட உறுதி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'வாட்ச்' வந்த அன்றே பயந்துவிட்டு, 'வார்னிங்' வரும்போது அலுத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இத்தனை பேச்சுக்கு நடுவில் உருப்படியான கேள்வி கேட்டது மூலை வீட்டில் இருக்கும் நர்ஸ் அக்காதான். இரவு ஷிஃப்ட் வேலை. "தம்பி, எத்தனை சென்டின்னு எனக்கு வேண்டாம். எத்தனை மணிக்கு ரோடு கெடும், எத்தனை மணிக்கு மறுபடி சரியாகும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அண்ணன் திணறிவிட்டார், ஏனென்றால் அவர் சேமித்து வைத்திருந்த படங்கள் எல்லாம் மொத்த அளவைக் காட்டுபவை. மணிவாரி விவரம் அறிவிப்பின் எழுத்து வடிவத்தில் இருந்தது, யாரும் படிக்காத பகுதியில். பனி மாலையில் ஆரம்பிக்கும், நள்ளிரவு வாக்கில் மணிக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வேகம், அப்புறம் ஸ்லீட் கலக்கலாம், காலையில் குறையும், மதியத்துக்கு மேல் வெப்பம் சரசரவென இறங்கும். மணிக்கு 5 சென்டிமீட்டர் என்றால் பனியைத் தள்ளுகிற பிளோ வண்டி ஒருமுறை தள்ளிவிட்டுத் திரும்பி வருவதற்குள் சாலை மூடியிருக்கும். மொத்தம் 15 ஆனாலும் 35 ஆனாலும் அக்கா இரவு பத்து மணிக்குக் காரை எடுக்கக்கூடாது என்பது அதிலேயே தெரிந்தது. அவர் மதியமே கிளம்பி மருத்துவமனையிலேயே படுத்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டார், இரண்டு நாளுக்கு மாற்றுத் துணியும் மருந்தும் போன் சார்ஜரும் எடுத்துக்கொண்டு.

அக்காவைப் பார்த்துத்தான் நான் என் வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். புயல் வராவிட்டாலும் நஷ்டம் இல்லாத வேலைகள் எல்லாம் மூன்று நாள் முன்பே. காரில் பாதி டேங்குக்கு மேல் எரிபொருள், தீர்ந்துபோகப்போகும் மருந்துகளை வாங்கிவைப்பது, டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஷவலைக் கேரேஜின் மூலையிலிருந்து கதவுப் பக்கம் கொண்டுவருவது (கதவு பனியில் அடைத்துக்கொண்டால் ஷவல் கேரேஜுக்குள் இருந்து பயன் இல்லை), மழைநீர் வடிகாலும் தீயணைப்புக் குழாயும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து ஒரு குச்சி நட்டுவைப்பது. பயணத்தை ரத்து செய்வது, வேலைக்கு விடுப்பு சொல்வது, விருந்தாளியை வரவேண்டாம் என்பது மாதிரி விலை உள்ள முடிவுகளை முந்தின நாள் மாலை வரை தள்ளிப்போடுவேன். அதற்குள் அந்த 51 கணக்குகளும் ஓரளவு ஒரே பாதைக்கு வந்திருக்கும், வராவிட்டால் அதுவே ஒரு தகவல்.

புயல் சொன்ன நேரத்துக்குச் சில மணி நேரம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தில் பெரியவர் வாசலில் நின்று வானத்தைக் காட்டி எங்களை எல்லாம் கிண்டல் செய்தார். முதல் ஒரு மணி நேரம் விழுந்ததெல்லாம் தரையில் பட்டதும் கரைந்தது, உலர்ந்த காற்று முதலில் கொஞ்சத்தைக் குடித்துவிடும், சூடு மிச்சமிருக்கும் சாலை கொஞ்சத்தைக் கரைத்துவிடும். அதைப் பார்த்து "இவ்வளவுதான்" என்று யாரும் வண்டியை எடுக்கக்கூடாது என்பது என் கருத்து, தெருவில் இரண்டு பேர் எடுத்தார்கள், திரும்பி வர மூன்று மடங்கு நேரம் ஆனது. பத்து மணிக்கு மேல் அடர்த்தியாகப் பிடித்தது. அதிகாலையில் ஜன்னலில் சரசரவென்று மணல் வீசுவது போன்ற சத்தம். ஸ்லீட்.

காலையில் சண்டை வேறு மாதிரி. எவ்வளவு விழுந்தது? அண்ணன் 28 என்றார், பெரியவர் 11 என்றார். அண்ணன் அளந்தது வேலியோரம், காற்று குவித்துவைத்த இடம். பெரியவர் அளந்தது கார் கூரையில், காற்று அடித்துக்கொண்டு போன இடம். முறையாக அளக்கவேண்டும் என்றால், சுவரும் மரமும் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைப் பலகையை முந்தின நாளே வைத்து, அதில் அளக்கவேண்டும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக்கூடாது, அடிக்கடி துடைத்து அளந்தால் தானாக அமுங்குவது கணக்கில் வராமல் எண் கூடிவிடும். எங்கள் வீட்டுப் பின்புறப் பலகையில் 17 இருந்தது, மேலே ஒரு மொறமொறப்பான ஓடு. வடக்கே, எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்களில் முழுக்கப் பனியாகவே விழுந்து இரட்டிப்பாக இருந்தது. 15 முதல் 35 என்று சொன்னது தப்பே இல்லை என்று நான் சொன்னதை அண்ணனும் ஏற்கவில்லை, பெரியவரும் ஏற்கவில்லை.

17 தானே என்று பலர் மதியம் வரை காபியோடு உட்கார்ந்துவிட்டார்கள். அறிவிப்பின் கடைசி வரி, மதியத்துக்கு மேல் வெப்பம் இறங்கும் என்பது, யாருக்கும் நினைவில்லை. நான் காலையிலேயே ஆரம்பித்தேன். அடியில் ஈரக் கூழ், மேலே ஓடு, ஒவ்வொரு ஷவலும் கல். இந்த மாதிரிப் பனியை முழு ஷவலாக அள்ளக்கூடாது, பாதி அள்ளவேண்டும், முடிந்தவரை தூக்காமல் தள்ளவேண்டும், முழங்காலை மடக்கவேண்டும். பெரியவரிடமிருந்து ஷவலைக் கிட்டத்தட்டப் பிடுங்கவேண்டியிருந்தது. கியூபெக்கில் பல வருட மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பெரிய பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடம் மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது கையால் பாரம் தூக்குவது இதயத்துக்கு மிக மோசமான வேலை. "எனக்கு ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார், ஆனால் ஷவலை விட்டுவிட்டார்.

வீட்டுச் சுவரில் ஹீட்டரின் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தைப் பனி மூடியிருக்கிறதா என்று வாசலை வாருவதற்கும் முன்னால் பார்க்கவேண்டும். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பும், அதற்கு வாசனை கிடையாது. காருக்கும் அதே விதி, புகைபோக்கியைச் சுற்றித் தோண்டாமல் இன்ஜினை ஓடவிட்டு உள்ளே உட்காரக்கூடாது. தெருக்கோடியில் கிளை விழுந்து சில வீடுகளுக்குக் கரண்ட் போயிருந்தது. ஒருவர் ஜெனரேட்டரைக் கேரேஜுக்குள் வைத்துக் கதவைப் பாதி திறந்துவைக்கப் பார்த்தார், அண்ணன் ஓடிப்போய் நிறுத்தினார். வெளியே, ஜன்னல் கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளித்தான் வைக்கவேண்டும். பிரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம்.

மூன்று மணிக்கு மேல் காற்று வடமேற்கே திரும்பியது. வாராமல் விட்ட இடங்களில் கூழ் அப்படியே இறுகி, காலடித் தடமும் டயர் தடமும் அச்சாகப் பதிந்த காங்கிரீட் ஆகிவிட்டது. சிலர் அதன்மேல் உப்பைக் கொட்டினார்கள். சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது, அன்று இரவு அதையும் தாண்டி இறங்கியது. கால்சியம் குளோரைடு வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் பலன் கிடைத்தது, மற்றவர்கள் மணல் தூவிப் பிடிமானத்துக்கு வழிசெய்தார்கள்.

வாசலைச் சுத்தம் செய்தவர்களுக்கும் கடைசியில் ஒரு வேலை மிச்சம். பிளோ வண்டி தெருவைத் தள்ளும்போது எல்லார் வாசல் முனையிலும் ஒரு மேடு போட்டுவிட்டுப் போகும். அதைக் குறைக்க, வாசலில் நின்று தெருவைப் பார்க்கும்போது இடதுகைப் பக்கம், அதாவது வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் பிளோ வருகிற பக்கம், சாலையோரமாகக் கொஞ்சம் இடத்தை முன்கூட்டியே வாரிக் காலியாக வையுங்கள். பிளோவில் இருக்கும் பனி உங்கள் வாசலுக்கு வருவதற்குள் அந்தக் குழியில் கொட்டிவிடும். வாரிய பனியை எதிர்ப்பக்கம், வலதுகைப் பக்கம் குவிக்கவேண்டும், இல்லாவிட்டால் அதையே மறுபடி தள்ளிக்கொண்டு வந்து நம் வாசலில் போடுவார்கள். பெரியவர் வாசலில் இதை அண்ணனும் நானும் செய்துகொடுத்தோம். நாங்கள் வாரிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் போனை எடுத்து, அடுத்த வாரம் இன்னொன்று வருகிறதாம் என்றார். எத்தனை மணிக்கு என்று பெரியவர் கேட்டார்.